தராசில் ஏறாத கால்

வணக்கம். மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களின் எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு பெரியவர். பாதத்துப் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வந்தார். ஒற்றைக் காலில் நின்று எடை பார்ப்பது லேசில்லை. சுவரைத் தொட்டாலே எண் மாறிவிடும். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, நாற்காலி எடையைக் கழித்தோம். 70 கிலோ. அறுவை சிகிச்சைக்கு முன் 72.

"பாத்தீங்களாம்மா, ரெண்டு கிலோ குறைஞ்சிட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அவர் குறையவில்லை, ஏறியிருந்தார். முழங்காலிலிருந்து பாதம் வரை உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கு. பாதம் மட்டும் என்றால் ஒன்றரை. இடுப்போடு முழுக்கால் என்றால் 16. முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் வெட்டுவார்கள் என்பதால் உண்மையில் போவது இன்னும் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் 6 என்றே வைத்துக்கொள்வோம். 72 கிலோவில் 4 கிலோ சொச்சம் காலோடு போயிருக்கும். அவர் 68க்குள் இருக்க வேண்டும். 70ஐ 0.94ஆல் வகுத்தால் 74.5 வரும். கால் இருந்திருந்தால் அவருடைய எடை அதுதான்.

ஏன் ஏறுகிறது? நடை நின்றுவிடுகிறது. பார்க்க வருபவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும் கொண்டுவருகிறார்கள். "கால்தான் போச்சு, வாய்க்காவது ருசியா சாப்பிடட்டுமே" என்று வீட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது அது சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருந்தது. இன்சுலின் ஒழுங்கானதும் சாப்பிடுவது உடம்பில் தங்குகிறது.

முதல் சில வாரங்கள் மட்டும் கதை வேறு. அப்போது எடை குறைவதுதான் கவலை. காய்ச்சல், வலி, சாப்பாடு இறங்காது; தசை கரையும். காயம் ஆற முட்டை, பருப்பு, மீன் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீழ் பிடித்த பாதம் போனதும் இன்சுலின் தேவை சட்டென்று குறையலாம். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

அப்புறம், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். இருக்கிற காலில் வீக்கமோ மூச்சு வாங்கலோ சேர்ந்தால் உடனே போக வேண்டும்.

பெரியவருக்கு எடை ஏறியதைத் தராசுக்கு முன்னாலேயே அவருடைய செயற்கைக் கால் சொல்லியிருக்கிறது. வெட்டியபின் முழங்காலுக்குக் கீழே மிஞ்சும் மிச்சக் கால் முதல் மாதங்களில் வீக்கம் வற்றிச் சுருங்கும். அதனால் சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் மிச்சக் காலை நுழைக்கும் கிண்ணம், தொளதொளத்தது; இடைவெளியை நிரப்ப மிச்சக் காலில் மூன்று உறை மாட்டினார். பிறகு இரண்டு, ஒன்று. கடைசியில் உறையே இல்லாமலும் கால் உள்ளே போகவில்லை. அழுத்திப் பிடித்து நுழைத்திருக்கிறார். செயற்கைக் காலைக் கழற்றிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தோல் உரிந்திருந்தது. வலித்ததா என்றேன். இல்லை என்றார். உணர்ச்சி மரத்த காலில் எப்படி வலிக்கும்? அந்தப் புண் ஆறும்வரை செயற்கைக் காலை மாட்டக் கூடாது. அத்தனை பாரமும் இருக்கிற ஒரே பாதத்தின் மேல். அதிலும் உணர்ச்சி கிடையாது.

சோற்றைக் கரண்டிக் கணக்கில் அளந்தோம். உட்கார்ந்தபடி கைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுத்தோம். புண் ஆறியது.

இப்போது மாதம் ஒருமுறை ஊரில் அரிசி மண்டித் தராசில் நாற்காலி போட்டு, செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுத்துக்கொள்கிறார். போன மாதம் 68 என்று சொன்னார். நாற்காலியைக் கழித்தீர்களா என்று கேட்டேன்.

"மண்டிக்காரன் கணக்குல விடுவானாம்மா?" என்றார்.

வணக்கம்.