தாயின் பெயரைப் பிடித்துப் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. அந்தக் கிழக்குப் பகுதியிலிருந்து நியூயார்க்கில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தங்கள் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று தொடங்குகிறவர்கள் சில தலைமுறைகளுக்குள்ளேயே முட்டுச்சந்தில் நின்றுவிடுவது உண்டு. என்னைக் கேட்டால், அந்த நாட்டில் தேடுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது தாயின் பெயரைத்தான்.

காரணம் சொல்வதற்கு முன், ஏடுகளின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். தலைநகர் சாந்தோ தொமிங்கோ 1490களில் உருவானது. ஆனால் அதன் பேராலயத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடு 1590இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையவை எங்கே என்று கேட்டால், விரல் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் பிரான்சிஸ் டிரேக்கை நோக்கி நீளும். 1586 ஜனவரியில் அவர் நகரத்தைப் பிடித்து, மீட்புப் பணம் கைக்கு வரும்வரை தெருத் தெருவாக இடித்தும் எரித்தும் ஏறக்குறைய ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். அடுத்த அடியைக் கொடுத்தது ஸ்பானிய அரசே. கள்ளக்கடத்தலை ஒழிப்பதாகச் சொல்லி, 1605, 1606ஆம் ஆண்டுகளில் ஆளுநர் ஒசோரியோ வடக்கு, மேற்குக் கரை ஊர்களைக் காலி செய்து, மக்களை மோந்தே பிளாத்தா, பயகுவானா என்ற புதிய ஊர்களுக்கு விரட்டினார். பிறகு 1863இல், ஸ்பெயினுக்கு எதிரான போரில் சந்தியாகோ நகரம் தீக்கிரையானது. போதாக்குறைக்குக் கரையான், புயல், ஈரம்.

இத்தனையும் தப்பியவற்றை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மார்மன் திருச்சபையினர் மைக்ரோபிலிமில் படம்பிடித்தார்கள். இன்று பெரும்பகுதி அவர்களுடைய ஃபேமிலிசர்ச் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அட்டவணைப்படுத்தாத ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியாக வேண்டும்.

அரசுப் பதிவேடு வந்த கதை தனி. 1822 முதல் 1844 வரை தீவு முழுவதையும் ஹைட்டி ஆண்டது. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு அலுவலரிடம் பதியும் வழக்கம் அந்த ஆட்சியில்தான் வேர்விட்டது. அப்போது ஆட்சிமொழி பிரெஞ்சு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பொறி, ஊர்ப் பெயர். 1936 முதல் 1961 வரை தலைநகருக்குச் சர்வாதிகாரி துருஹியோ தன் பெயரையே சூட்டியிருந்தார். பாட்டி பிறந்த இடம் 'சியுதாத் துருஹியோ' என்று ஏட்டில் இருந்தால் வரைபடத்தில் தேடி அலைய வேண்டாம், அது சாந்தோ தொமிங்கோவேதான்.

ஒரு பிறப்புப் பதிவை அருகில் வைத்துப் பார்ப்போம். இன்ன நாளில், இன்ன அலுவலர் முன் ஒருவர் நேரில் வந்து, இன்ன நேரத்தில் ஒரு குழந்தை பிறந்ததாக அறிவிக்கிறார். கீழே சாட்சிகளின் பெயர்கள். அறிவிப்பவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று பல பதிவுகளில் குறிப்பு இருக்கும். பிள்ளை முறைப்படி மணந்த தம்பதிக்குப் பிறந்ததா இல்லையா என்பதற்கு ஒரு சொல். மணமில்லாமல் பிறந்து, தகப்பனும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் தாயின் பெயர் மட்டும் இருக்கும். ஓரத்து விளிம்பை மட்டும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பத்து, இருபது ஆண்டு கழித்துத் தகப்பன் வந்து பிள்ளையை ஏற்றுக்கொண்டிருந்தால், அந்தச் செய்தி வேறு மையில், வேறு கையெழுத்தில் அங்கேதான் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கும். காலம் கடந்து பதிவதும் சகஜம். 1910இல் பிறந்தவர் 1930ஆம் ஆண்டு ஏட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

கிராமப்புறங்களில் குருவானவர் எப்போதாவதுதான் வருவார், மணச் சடங்குக்குச் செலவும் ஆகும். சடங்கில்லாமலே சேர்ந்து வாழ்ந்து பிள்ளை குட்டிகளோடு காலம் தள்ளியவர்கள் ஏராளம். தகப்பன் ஏற்றுக்கொள்ளாத பிள்ளைகள் தாயின் குடும்பப்பெயரைத்தான் சுமந்தார்கள். மற்றவர்களுக்கும் ஸ்பானிய முறைப்படி இரண்டு குடும்பப்பெயர்: முதலில் தந்தையுடையது, அடுத்தது தாயுடையது. மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. இங்கிலாந்துப் பதிவுகளில் கணவன் பெயருக்குள் மறைந்துபோகும் பாட்டிமார் இங்கே சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள்.

அடிமைகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் இது இன்னும் கசப்பான காரணத்தோடு வருகிறது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது ஸ்பானியச் சட்டம். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, அவளை வைத்திருப்பவரின் உடைமை. ஆகவே தாயின் பெயரும் உடைமையாளரின் பெயரும் தவறாமல் ஏறின. தகப்பன் யார் என்று பல நேரம் எவரும் எழுதவில்லை. விடுதலையானவர்களில் பலர் உடைமையாளரின் குடும்பப்பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஒரே பெயர் என்பதற்காக ஒரே இரத்தம் என்று முடிவுகட்டுவது இங்கே பெரும் பிழை. 1822இல் அடிமைமுறை அடியோடு ஒழிந்தது. அதன்பின் அந்த அடையாளக் குறிப்புகள் மறைகின்றன, தேடுகிறவருக்கு ஒரு தடயம் குறைகிறது.

எனக்குப் பிடித்தவை மணத்தடை விலக்குக் கோப்புகள். எள்ளுத்தாத்தா பொதுவாக இருந்தாலே இருவர் மணமுடிக்க அன்றைய கத்தோலிக்கச் சட்டத்தில் தடை. மாமன் மகளைக் கட்டுவதை உரிமை என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். சின்ன ஊரில் உறவில்லாத மாப்பிள்ளைக்கு எங்கே போவது? ஆயரிடம் விலக்கு கேட்டு மனுப் போட்டார்கள். பொது மூதாதையரை உச்சியில் எழுதி, மணமகன் பக்கம் ஒரு வரிசை, மணமகள் பக்கம் ஒரு வரிசை என இறக்கிக் காட்ட வேண்டும். அது சரிதான் என்று சாட்சிகளும் சொல்ல வேண்டும். தனித்தனிப் பதிவுகளை ஒட்டவைத்து அடைய வேண்டிய தலைமுறைகளை ஒரே தாளில் தருவது இந்தத் தடைதான். பாட்டிமார் வழியாகப் போகும் கிளைகளும் அதில் விட்டுப்போவதில்லை.

எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1824, 1825ஆம் ஆண்டுகளில் ஹைட்டி அதிபர் புவாயேவின் அழைப்பில் அமெரிக்காவிலிருந்து வந்த சுதந்திரக் கறுப்பர்களில் ஒரு பகுதியினர் சமானா தீபகற்பத்தில் குடியேறினார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து சான் பெத்ரோ தே மக்கோரிஸ் சர்க்கரை ஆலைகளுக்கு வந்தவர்களில் ஆங்கிலிக்கன், மொராவியச் சபையினர் பலர். ஜான்சன், கிங் போன்ற பெயர்களைப் பங்கு ஆலயத்து ஏட்டில் தேடிப் பயனில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்காகத் தேடுகிறவர்களின் கதை. அங்கே பிழைப்பே பதிவேட்டில் தொங்கும் மக்களும் இருக்கிறார்கள். 2013 செப்டம்பரில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், முறையான குடியிருப்பு உரிமை இல்லாத வெளிநாட்டவருக்குப் பிறந்தவர்கள் குடிமக்கள் அல்லர் என்று 1929 வரை பின்னோக்கிப் பொருந்தும்படி தீர்ப்பளித்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஹைட்டி வம்சாவளியினர். கண்டனம் எழுந்தபின் 2014இல் வந்த சட்டம், பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தவர்களுக்கு ஒரு வழியும், ஏறாதவர்களுக்கு வேறு வழியும் வைத்தது. ஏறாதவர்கள் பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டவராகப் பதிந்துகொண்டு, பிறகு குடியுரிமை கேட்க வேண்டியிருந்தது.

இங்கேயும் தீர்மானிப்பது தாய்தான். 2004ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப்பின், தாய் குடியிருப்பு உரிமையில்லாத வெளிநாட்டவர் என்றால் மருத்துவமனை இளஞ்சிவப்பு நிறப் பிறப்புச் சான்றைத் தருகிறது. அது, பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் கவனிக்கும் மத்தியத் தேர்தல் வாரியம் 2007இல் திறந்த வெளிநாட்டவர் பதிவேட்டுக்குப் போகிறது. நாளை அந்தக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் தேட வந்தால், வழக்கமான பிறப்பு ஏட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த இரண்டாவது ஏட்டையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

வணக்கம்.