சபதம் செய்தவளே சண்டைக்கும் போகிறாள்

(புதுச்சேரியில் கல்லூரி மாணவ மாணவியர் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கடலூர், புதுச்சேரி ஊர்ப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குப் படுகளம் தெரியும். திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாக மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். பீமன் வேடம் கட்டியவர் வந்து தொடையில் அடிப்பார். அதன் பிறகே திரௌபதி விரிந்த கூந்தலை முடிவாள். சபதம் அவளுடையது, ஆயுதம் பீமனுடையது. சபதம் செய்தவளே ஆயுதத்தையும் எடுத்தால் என்ன ஆகும்? 2020 ஜூனில் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’ என்ற வீடியோ கேம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதல் பாகம் 2013-இல் வந்தது. பூஞ்சைத் தொற்றால் உலகம் சிதைந்துபோன கதை அது; ஆட்டக்காரர் பெரும்பாலும் ஜோயல் என்ற ஆணாக விளையாடுவார். அதில் பெண்கள் வரிசையாகச் சாகிறார்கள். ஜோயலின் மகள் சாரா தொடக்கத்திலேயே போய்விடுகிறாள். அவன் கூட்டாளி டெஸ் உயிரைக் கொடுத்து ஜோயலுக்கு வழிவிடுகிறாள். எல்லி என்ற சிறுமியை அவனிடம் ஒப்படைத்த போராளித் தலைவி மார்லினை ஜோயலே சுடுகிறான். இந்தச் சாவுகள் எல்லாம் ஜோயலின் மனத்தைச் சொல்லவே பயன்படுகின்றன. பூஞ்சைத் தொற்று பாதிக்காத 14 வயது எல்லியின் உடலை என்ன செய்வது என்று மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்: மருந்துக்காக அவள் உயிர் போகும் அறுவை செய்யலாம் என்று. பிறகு ஜோயல் முடிவெடுக்கிறான்: அவர்களைக் கொன்று அவளைத் தூக்கிச் செல்கிறான். அவளோ மயக்கத்தில் கிடக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் 19 வயது எல்லியின் கோபத்துக்கு வேர் அதுதான்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஜோயலை ஆபி என்ற பெண் அடித்துக் கொல்கிறாள். அவனால் கொல்லப்பட்ட அறுவை மருத்துவரின் மகள் அவள். பழிவாங்க எல்லி, ஆபி இருக்கும் அமெரிக்க நகரமான சியாட்டிலுக்குப் போகிறாள். மூன்று நாள் எல்லியாக விளையாடுகிறோம். பாதி வழியில் கேம் நம்மை ஆபியாக்கி, அதே மூன்று நாளை மறுபடி வாழச் சொல்கிறது. இங்கேதான் பல ஆண் ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. “பெண்ணுக்கு இவ்வளவு தசை இருக்குமா” என்பது இன்னொரு புகார். ஆபியின் உடலுக்கு மாதிரியாக இருந்தவர் கோலீன் ஃபாட்ச் என்ற கிராஸ்ஃபிட் (கடும் உடற்பயிற்சிப் போட்டி) வீராங்கனை. இருக்குமா என்று கேட்ட உடல் உண்மையில் இருந்தது. ஆபி வாழும் முகாமில் உணவும் உடற்பயிற்சிக் கூடமும் இருப்பதைக் கேமே காட்டுகிறது. கடைசியில் சிறைப்பட்டு மெலிந்து எலும்பாகிறாள். அந்த உடல் அவள் உழைப்பால் வந்தது, பசியால் போகிறது. பார்ப்பவர் ரசனைக்காக வைத்த உடல் அல்ல அது.

பெண்ணியப் பார்வையில் ஒரு கேமை ஆராய விரும்புகிறவர்களுக்குச் செய்முறையைச் சொல்கிறேன். கதைக்காட்சிகளை மட்டும் யூடியூபில் தொகுத்துப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். பெரும்பாலான கட்டுரைகள் கெடுவது இதனால்தான். இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்களா, ஆணைத் தவிர வேறெதைப் பற்றியாவது பேசுகிறார்களா என்ற சோதனை சினிமாவுக்கு ஓரளவு உதவும். இந்தக் கேம் அதில் சுலபமாகத் தேறிவிடும். ஆனால் கேமில் பார்க்க வேண்டியது வினைச்சொல். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நான்கு கட்டம் போடுங்கள். நம் கையிலுள்ள கண்ட்ரோலர் யார் உடலை இயக்குகிறது, எத்தனை நிமிடம். எந்தப் பொத்தான் என்ன செய்யவைக்கிறது. கேமரா யார் முகத்தில் நிற்கிறது. யார் சாகிறார்கள், அதற்குப் பிறகு அவர்கள் பெயர் பேசப்படுகிறதா. சண்டை கடினமாக இருந்தால் கவனம் அதிலேயே போய்விடும். இந்தக் கேமில் எதிரிகளின் கடுமை, கிடைக்கும் பொருள்களின் அளவு எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறைக்கலாம். பேசுபவர் பெயரோடு சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரிகள் செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட அப்போது தவறவிட மாட்டீர்கள்.

இப்படிக் குறித்தால் என்ன தெரிகிறது? எல்லியும் ஆபியும் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், ஆயுதம் செய்கிறார்கள், கொல்கிறார்கள். எல்லி கிதாரும் வாசிக்கிறாள். கண்ட்ரோலரின் தொடுபரப்பான டச்பேடில் நம் விரலே தந்தியை மீட்டுகிறது. இரண்டு பெண்களுக்கு இவ்வளவு வினைச்சொற்களைக் கொடுத்த பெரிய பட்ஜெட் கேம்கள் குறைவு. இதை முழு மனத்தோடு பாராட்டுகிறேன். இணை எழுத்தாளர் ஹேலி கிராஸின் பங்கும் இதில் உண்டு.

ஆனால் நோட்டில் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். எல்லியின் காதலி டீனா முதல் நாள் கூடவே சண்டை போடுகிறாள். கர்ப்பம் என்று தெரிந்ததும் நாடக அரங்கில் படுக்க வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் எல்லியோடு கிளம்புவது ஜெஸ்ஸி என்ற ஆண் நண்பன். இதே கேமில், வயிறு தெரியும் கர்ப்பிணியான மெல், ஆபியின் முகாமைச் சேர்ந்தவள், ஆபியோடு களத்துக்குப் போகிறாள். ஆக, கர்ப்பிணி களத்துக்குப் போகலாம் என்பதை இந்தக் கதையே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மெல்லின் வயிறு எதற்குப் பயன்படுகிறது? எல்லி அவளைக் கொன்ற பிறகு அதைப் பார்த்து நடுங்குவதற்கு. முதல் பாகத்தில் பெண்களின் சாவு ஜோயலுக்குப் பயன்பட்டது போலவே இங்கே மெல்லின் சாவு எல்லிக்குப் பயன்படுகிறது.

ஆபியோடு சேரும் லெவ் என்ற திருநம்பிச் சிறுவனை (பெண்ணாகப் பிறந்தவன் என்று பிறர் சொன்னாலும் ஆணாக வாழ்பவன்) மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள், திருநரான இயன் அலெக்சாண்டரையே நடிக்கவும் வைத்திருக்கிறார்கள். இருந்தும் அவன் விட்டுவிட்ட பழைய பெயரை எதிரிகள் வாயில் வைத்து நம் காதில் போடுகிறார்கள். அந்தப் பெயர் இல்லாமலும் அவன் ஏன் விரட்டப்படுகிறான் என்பது புரிந்திருக்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது நோரா. கறுப்பினப் பெண், ஆபியின் தோழி, மருத்துவமனையில் வேலை செய்பவள். ஆபி எங்கே என்று கேட்டு எல்லி அவளை அடிக்கிறாள். சதுரப் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும்; அழுத்தாவிட்டால் கதை நகராது. சிவந்த வெளிச்சத்தில் கேமரா எல்லியின் முகத்தைக் காட்டுகிறது, அடி வாங்குகிறவள் சட்டகத்துக்கு வெளியே. வன்முறை செய்பவளையும் சிதைக்கும் என்று சொல்வதற்காக அப்படி எடுத்திருக்கிறார்கள், அது வலுவாகவும் பதிகிறது. ஆனால் வலி யாருடையது என்ற கேள்வியில் எல்லி மட்டுமே மிஞ்சுகிறாள். பல மணி நேரம் கழித்து ஆபியாக விளையாடும்போது, அதே இரண்டாம் நாள், அதே மருத்துவமனையில், அதே நோரா நமக்கு உதவி செய்து மருந்து எடுக்க வழி காட்டுகிறாள். அவளை ஒரு மனுஷியாக நாம் அறிவது அப்போதுதான். அதற்குள் அவளை அடித்துவிட்டோம். எல்லிக்கும் ஆபிக்கும் நம் கையில் கிடைத்த நேரத்தில் ஒரு நிமிடம்கூட நோராவுக்கு இல்லை. மெல்லுக்கும் இல்லை, டீனாவுக்கும் இல்லை.