சான் த்ரோப்பேவுக்குக் கடல்வழி

(கடலூரில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் மாலை வணக்கம். மத்தியதரைக் கடல் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பணக்காரர்கள் வந்து இறங்கும் அந்தத் துறைமுகங்களைப் பற்றிக் கேட்கத்தான் பலரும் வந்திருப்பீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் அங்கே போனது பாய்ப்படகில். அதனால் காற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பிரான்ஸின் தென்கரையில் ஆன்டீப் என்று ஓர் ஊர். அங்கிருந்து, நீங்கள் கேட்க வந்த துறைமுகங்களில் ஒன்றான சான் த்ரோப்பே சுமார் 30 கடல் மைல். நம் கணக்கில் 55 கிலோமீட்டர். காற்று ஒத்துழைத்தால் பாய்ப்படகு ஆறேழு மணி நேரத்தில் போய்விடும். எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 12 மீட்டர் நீளப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். படகோட்ட ஒரு பெண் ஸ்கிப்பர். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் வானிலை அறிக்கையைத்தான் படிப்பார். படித்துவிட்டு மலைப் பக்கம் திரும்பி ஒரு பார்வை. அதற்கு அப்புறம்தான் அன்றைக்கு எங்கே போகிறோம் என்பது முடிவாகும்.

முதல் இரவு கேன்ஸுக்கு எதிரே லெரென் தீவுகளுக்கு நடுவில் நங்கூரம் போட்டோம். கேன்ஸ் என்றால் திரைப்பட விழா, ஓட்டல் விளக்குகள். அரைமணி நேரப் படகு தூரத்தில் இருக்கும் சான்-ஒனொரா தீவிலோ ஐந்தாம் நூற்றாண்டில் தொடங்கிய மடம் ஒன்று இருக்கிறது. துறவிகள் இன்றும் அங்கே திராட்சை பயிரிடுகிறார்கள். இரவில் ஒரு பக்கம் நகரத்தின் வெளிச்சம், மறுபக்கம் தீவின் இருட்டு.

நங்கூரம் போடுவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடலின் அடியில் பொசிடோனியா என்று ஒரு கடற்புல் வளர்கிறது. பாசி இல்லை, பூத்துக் காய்க்கிற செடி. அங்கே வளரும் இந்த இனம் மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மீன் குஞ்சு வளர்வது அதற்குள்தான், கரை மணலை அரிப்பிலிருந்து காப்பதும் அதுதான். தரையோடு அது படர்வது வருடத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான். பெரிய படகு ஒன்றின் நங்கூரம் ஒரு இழுப்பில் பிய்த்தெடுப்பது மறுபடி வளரப் பல தலைமுறை ஆகும். அதனால் 24 மீட்டருக்கு மேல் நீளமான படகுகள் இந்தப் புல்வெளிகளில் நங்கூரம் போடப் பிரான்ஸ் தடை விதித்திருக்கிறது. எங்கள் படகு சின்னது, தடை எங்களுக்கு இல்லை. இருந்தாலும் ஸ்கிப்பர் என்னை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், படுக்க வைத்து, தண்ணீருக்குள் பார்க்கச் சொன்னார். "கறுப்பாகத் தெரிந்தால் புல், வெளிறித் தெரிந்தால் மணல். மணல் வந்ததும் கையைத் தூக்குங்கள்." எட்டு மீட்டர் ஆழத்திலும் தரை தெரிந்தது. வெள்ளைத் திட்டு ஒன்று கண்ணில் படும்வரை இரண்டு சுற்று சுற்றினோம். நான் கையைத் தூக்கினேன், சங்கிலி இறங்கியது. அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் எஸ்தெரெல் மலையடியில் அகே என்ற குடாவுக்குள் போனோம். செம்பாறை மலை கடலுக்குள் இறங்கி நிற்கிற இடம். அங்கே மிஸ்ட்ரல் எங்களைப் பிடித்துப் போட்டுவிட்டது. மிஸ்ட்ரல் என்பது அந்தக் கரையை ஆளும் காற்று. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று ஆல்ப்ஸ் மலைக்கும் நடு பிரான்ஸின் மேட்டு நிலத்துக்கும் இடையே, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெருக்குண்டு வேகமெடுத்துக் கடலில் வந்து கொட்டுகிறது. நமக்குப் புயல் என்றால் மேகம், மழை. இது அப்படி இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கொதிக்கும். மூன்று நாள், ஆறு நாள், ஒன்பது நாள் என்றுதான் அது வீசும் என்பது ப்ரோவான்ஸ் எனப்படும் அந்தப் பகுதி மக்களின் வழக்கு. குடாவுக்குள் எங்களுக்குப் பாதுகாப்பு. படகைக் கழுவினோம், சமைத்தோம், உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் விடியலில் ஸ்கிப்பர் மலையைப் பார்த்துவிட்டு "சரி, கிளம்பலாம்" என்றார்.

அப்படிக் காத்திருந்து போனதால்தான் சான் த்ரோப்பே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அந்த ஊரின் துறைமுகம் வடக்கு பார்த்தது. மிஸ்ட்ரல் வளைகுடா முழுக்க ஓடி வந்து அதன் மேல்தான் மோதும். நீளமான கல் அலைதடுப்பு எதற்கு என்று தரைவழியாக வருகிறவர் கேட்க மாட்டார். அதன் வாலைச் சுற்றி உள்ளே நுழைந்து, அலை சட்டென்று அடங்கும்போதுதான் அந்தக் கல்லின் அருமை தெரியும். ஓவியர் பால் சிஞாக் 1892 இல் தன் பாய்ப்படகில் வந்துதான் இந்த ஊரைக் கண்டடைந்தார். அப்போது இது மீனவர் ஊர். அவர் வீடு வாங்கித் தங்கினார், மற்ற ஓவியர்களும் பின்னாலேயே வந்தார்கள். 1956 இல் பிரிஜித் பார்தோ நடித்து இங்கே எடுத்த படம் வெளிவந்த பிறகுதான் உலகமே திரண்டது. ஆக அந்தப் பகட்டுக்கு வயது எழுபதுதான். அலைதடுப்பும் வலையும் அதற்கு ரொம்ப மூத்தவை.

படகைக் கட்டுவதை ஒரு வேடிக்கையாகவே அங்கே பார்க்கலாம். அந்தக் கடலில் நீர்மட்டம் ஒரு முழம்கூட ஏறி இறங்குவது அபூர்வம். அதே பிரான்ஸில் வடமேற்குக் கரையின் சான் மாலோவில் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லாததால், பின்புறத்தைக் கரைச்சுவரில் ஒட்டி நிறுத்திப் பின்பக்கமாகவே இறங்கிவிடலாம். ஸ்கிப்பர் படகைப் பின்னோக்கி ஓட்டினார். இரண்டு பக்கமும் விலை கேட்டாலே தலை சுற்றும் படகுகள், நடுவில் எங்களுக்கு நாலு மீட்டர் இடைவெளி. சுவரிலிருந்து ஒரு மெல்லிய கயிறு தண்ணீருக்குள் போகிறது. அதைக் கொக்கியால் தூக்கி, கையில் பிடித்தபடியே அணியம்வரை நடந்து இழுத்துக் கட்ட வேண்டும். கடலடிச் சங்கிலியோடு சேர்ந்த கயிறு, முழுக்கச் சேறு, நடுநடுவே சிப்பி. கையுறை போடாமல் பிடித்தேன். உள்ளங்கை கிழிந்தது. பக்கத்து மாடிப் படகில் வெள்ளைச் சீருடையில் நின்றிருந்த பையன் ஒன்றும் சொல்லாமல் எட்டி ஒரு துணியைக் கொடுத்தான். அவனும் கயிறு பிடிக்கிறவன்தான்.

துறைமுக ஓரத்துக் கடைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பார்த்தோம், நடந்தோம். ஒரு காபிக்கு நாங்கள் கொடுத்த காசில் ஆன்டீப் சந்தையில் இரண்டு நாள் காய்கறி வாங்கியிருக்கலாம்.

நான் நின்றுபோனது ஒரு சிலைக்கு முன்னால். கரைச்சுவர் மேலேயே, படகுகளுக்கு நேரே, வெண்கலத்தில் ஓர் ஆள். கீழே பெயரைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. சுஃப்ரேன். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. 1782 இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று நம் கடலில் ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூஸோடு மோதியவர். கடைசிச் சண்டை 1783 ஜூன் 20 அன்று, இதோ இந்தக் கடலூருக்கு எதிரே. ஊருக்குள் பிரெஞ்சுப் படை, வெளியே முற்றுகையிட்டு ஆங்கிலேயர், கடலில் இவருடைய 15 போர்க்கப்பல்களுக்கு எதிராக அவர்களுடைய 18. ஐரோப்பாவில் சமாதானத்துக்கு ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. அந்தச் செய்தி இங்கே வந்து சேராததால் எத்தனையோ பேர் செத்தார்கள்.

ஸ்கிப்பரைக் கூப்பிட்டு, "இவர் சண்டை போட்டது எங்கள் ஊர்க் கடலில்" என்றேன். அவர் சிலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அன்றைக்கு என்ன காற்று?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். மேற்கிலிருந்து வீசியிருக்கிறது, அது சுஃப்ரேனுக்குச் சாதகமாக இருந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஜூன் மாதத்தில் இங்கே என்ன காற்று ஐயா என்று கேட்டேன். தலை நிமிராமலேயே சொன்னார்: "காலையில் மேல்காத்து, வேறென்ன." அன்று இரவே அதை ஸ்கிப்பருக்கு எழுதி அனுப்பினேன்.