வாவிக்கரைத் தோட்டம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கணித ஆசிரியராகவும் பின்னர் ஆசிரிய ஆலோசகராகவும் மட்டக்களப்பில் பணியாற்றிய எனக்கு, பிள்ளைகள் தாமே விடையைக் கண்டுபிடிக்க விடும் கண்டறிதல்வழிக் கற்பித்தலில் நாட்டம் உண்டான விதத்தைச் சொல்லுமாறு நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். குருமண்வெளித் துறையில் 'பாதை' என்னும் மிதவைப் படகேறி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள பாடசாலையொன்றுக்குச் சென்றுவந்த தொடக்க ஆண்டுகளில், சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு உதாரணங்களைச் செய்துகாட்டிப் பயிற்சி கொடுப்பதே கற்பித்தல் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் தரம் 9 பிள்ளைகளை முற்றத்து மணலுக்கு அழைத்துச் சென்று, குழுவுக்கு 24 மீற்றர் கயிறு கொடுத்து, அதனால் அடைக்கக்கூடிய மிகப் பெரிய செவ்வகத் தோட்டம் எதுவென்று கேட்டேன். 8க்கு 4 என்றால் 32 சதுர மீற்றர். 7க்கு 5 என்றால் 35. 6க்கு 6 என்றால் 36. சதுரந்தான் என்று முடிவாகி, வகுப்புக்குத் திரும்பும் வேளையில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்கட தோட்டம் வாவிக்கரையில இருக்கு. அந்தப் பக்கம் வேலி தேவையில்லையே?"

எனக்கே விடை உடனே பிடிபடவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். அதே கயிற்றால் மூன்று பக்கங்களை மட்டும் அடைத்து, சதுரமாக 8க்கு 8 வைத்தால் 64 வந்தது; கரையோரமாக 12, அகலம் 6 என்று நீட்டியபோதோ 72 கிடைத்தது. சதுரம் ஏன் தோற்றது என்று எல்லோரும் திகைத்திருக்க, அவளே மணலில் மறுபாதியையும் கீறி, "தண்ணிக்குள்ள தெரியிற நிழலையும் சேத்துப் பாருங்க, சதுரந்தான்" என்றாள்.

2007இல், பிள்ளை பெறவேண்டிய திறன்களை மையமாகக் கொண்ட தேர்ச்சி மையக் கலைத்திட்டத்துடன், ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளைக் கொண்ட 'ஐந்து ஈ' கற்பித்தல் மாதிரி வந்தபோது, கண்டறிதல் அதில் ஒரு படியாக இருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆனால் நான் பார்வையிட்ட பல வகுப்புகளில் அந்தப் படி, இடைவெளி நிரப்பும் தாளாகச் சுருங்கியிருந்தது. ஆசிரியரைக் குறைகூற மாட்டேன்; 40 நிமிடப் பாடவேளையும் சாதாரண தரப் பரீட்சையும் அவர் கழுத்தில் இருந்தன.

இதற்கு நேர்மாறான கண்டிப்பை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் 1969 வரை கற்பித்த கணிதவியலாளர் ஆர். எல். மூர் கடைப்பிடித்தார். நூலைப் பார்க்கவோ தமக்குள் பேசவோ கூடாது, தேற்றத்தைத் தானாகவே நிறுவ வேண்டும் என்பது அவர் விதி. கறுப்பின மாணவரை வகுப்பில் சேர்க்க மறுத்தவரும் அவரே. தானே நிறுவட்டும் என்பதை எடுத்துக்கொண்டேன். பேசாதிருப்பது நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராது, வேண்டியதுமில்லை.

வாவிக்கரைக் கணக்கு இரண்டு பாடவேளைகளை விழுங்கியது. பின்னர், மேல்வகுப்பில் இருபடிச் சார்பொன்றின் வரைபைக் கீறி, உயர்வுப் பெறுமானம் 72 என்று வாசித்த அதே மாணவி தலைநிமிர்ந்து சொன்னாள்: "சேர், இது எங்கட தோட்டம்."