ஒயிட் பேஸில் உப்புத் தீர்ந்த நாள்
(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இனிய வரவேற்புரை வழங்கிய தமிழாசிரியை அம்மா அவர்களே, சனிக்கிழமை மாலையில் வேறு வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருமக்களே, பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். அலுவலர் அவர்கள் கோப்புகளுக்கு நடுவே இந்தக் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கியதற்குத் தனியாக ஒரு நன்றி. இந்த உரையின் முடிவில் அவரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கப் போகிறேன். அதனால் அந்த நன்றியை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

'மொபைல் சூட் கன்டம்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணம். தொடர் ஏன் படுத்தது, படுத்தது எப்படி எழுந்தது, அதிலிருந்து நம் கைக்கு என்ன பாடம். மூன்றுக்கும் ஔவையின் ஒரே அடி போதும்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

1979 ஏப்ரல் 7, சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. நகோயா தொலைக்காட்சியில் முதல் பகுதி வந்தது. இயக்கம் யோஷியுகி தொமினோ, பாத்திரங்களை வரைந்தவர் யோஷிகாசு யாசுஹிகோ, இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஓகவரா. அதற்கு முன் 1972இல் 'மாசிங்கர் இசட்' வந்து ராட்சச ரோபோக் கதைக்கு ஒரு பாதை போட்டுவிட்டது. வாரம் ஒரு அரக்கன் வருவான், நாயகனின் ரோபோ அவனை அடிக்கும், அடுத்த வாரம் இன்னொருவன் வருவான். அந்தக் கதைகளில் குண்டு தீருமே என்ற கவலை அதிகம் இராது.

கன்டத்தில் எதிரியும் மனிதன்தான். எதிரியான ஜியோன் நாட்டின் ஜாகு என்ற ரோபோ தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து அனுப்பப்படும் சாதாரணப் போர்க்கருவி. அவ்வளவு பெரிய இயந்திரங்கள் ஏன் கிட்டப் போய் வாளால் வெட்டிக்கொள்ள வேண்டும்? அதற்கும் காரணம் வைத்தார்கள். மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள். அது பரவிய இடத்தில் ராடார் குருடாகிவிடும், தொலைவிலிருந்து ஏவும் ஏவுகணை குறி தவறும். ஆகவே கண்ணால் பார்த்துத்தான் சண்டை. இப்படி ஒரு காரணத்தை முதலிலேயே நட்டுவிட்டால் கதை முழுவதும் அதன்மேல் நிற்கும்.

இனி உப்புக் கதைக்கு வருகிறேன். பதினாறாம் பகுதி. ஒயிட் பேஸ் என்ற விண் போர்க்கப்பல். அதில் முறையான வீரர்கள் பலர் இறந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் இளைஞர்களும், ஊரை இழந்து ஏறிக்கொண்ட அகதிகளும். கப்பல் தலைவன் பிரைட்டுக்கு வயது பத்தொன்பது. நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளையை நம்பிக் கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்லவே யோசிப்போம். எதிரி துரத்துகிறான், பூமியில் தலைமையகம் வெகு தொலைவில் இருக்கிறது. அந்த நேரத்தில் சமையல்காரர் தமுரா வந்து நிற்கிறார். என்ன கேட்கிறார்? குண்டா, எரிபொருளா? உப்பு! கப்பலில் உப்புத் தீர்ந்துவிட்டது ஐயா என்கிறார். குழந்தைகள் பார்க்கும் ரோபோத் தொடரில், உலகப் போரின் நடுவில், கப்பல் உப்பு ஏரியைத் தேடித் திரும்புகிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். அங்கே அதைவிடக் கடுமையான கணக்கு. வியர்த்து உழைக்கிற உடம்பில் உப்புக் குறைந்தால் தசை பிடிக்கும், தலை சுற்றும், கை தளரும். விமானி கை தளர்ந்தால் கப்பல் போச்சு. அரிசி இருக்கிறதா, உப்பு இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணோடு போரை எழுதியவர்கள் இவர்கள். அதே பகுதியில் செய்லா என்ற பெண், யாரிடமும் கேட்காமல், நாயகன் ஓட்டும் கன்டம் என்ற ரோபோவை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். துணிச்சல் உண்டு, அறிவு உண்டு, பழக்கம் இல்லை. பறக்கும் வேகத்தில் உடம்பு இருக்கையோடு அழுந்த, இயந்திரம் அவள் சொல்கிறபடி கேட்கவில்லை. உயிர் பிழைத்து வந்ததே பெரிது. சித்திரமும் கைப்பழக்கம் என்றேன் அல்லவா, ரோபோ ஓட்டுவதும் கைப்பழக்கம்தான்.

முதல் பகுதிக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். நாயகன் அமுரோ பதினைந்து வயதுப் பையன். கீழே கிடந்த கையேட்டைப் புரட்டியபடியே கன்டத்தை எழுப்புகிறான். முதல் ஜாகுவை வெட்டியதும் அதன் அணுஉலை வெடித்து, விண்குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுகிறது. காற்று வெளியே பாய்கிறது. அந்தக் காற்றோடு போகிறவர் கன்டத்தை உருவாக்கிய அவன் அப்பா. பையனுக்கு அது தெரியாது. ஆனால் வெடித்தால் என்ன ஆகும் என்று கண்டுகொண்டான். இரண்டாவது ஜாகுவின் ஓட்டுநர் அறையை மட்டும் குத்துகிறான். முப்பத்து மூன்றாம் பகுதியில் அப்பாவைச் சந்திக்கிறான். மூச்சுக்காற்றுக் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட மனிதர், பெருமையோடு ஒரு பாகத்தை மகன் கையில் தருகிறார். அது பழைய காலத்துப் பாகம், எதற்கும் உதவாது. மகன் அதைத் தரையில் வீசிவிட்டு ஓடுகிறான். விமானி லாலாவும் இந்தக் கதையில் வருகிறாள், நெற்றியில் பொட்டோடு. அவளைப் பற்றித் தனிக்கூட்டமே வைக்கலாம்.

சரி, இவ்வளவு நல்ல தொடர் ஏன் படுத்தது? பணம் போட்டது பொம்மை நிறுவனமான குளோவர். சிறு குழந்தைகள் வாங்கும் பொம்மை அவர்களுக்கு வேண்டும். பார்த்தவர்களோ உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். பொம்மை விற்கவில்லை. 52 பகுதிகள் திட்டமிட்டது, 43இல் முடிந்தது. 1980 ஜனவரி 26 கடைசி. நடுவிலேயே யாசுஹிகோ நோயில் விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தார். பிற்பகுதியில் சில படங்களில் முகங்கள் கோணுவதை நீங்களே பார்க்கலாம். அந்தக் கை இல்லாமல் போனதுதான் காரணம். கடைசிப் பகுதியில் கன்டத்துக்குத் தலை போய்விட்டது, இடது கை போய்விட்டது. தலையில்லாத உடம்பு வலக்கையை மேலே உயர்த்திச் சுடுகிறது. விற்க வேண்டிய பொம்மையையே உடைத்துக் காட்டத் துணிந்தார்கள். பையன் உயிர் பிழைப்பது எதனால்? கன்டத்தின் உடலுக்குள் மடங்கி இருக்கும் சிறு விமானத்தால். பிரிந்து சேரும் அந்த ஏற்பாடு பொம்மைக்கு ஏற்றது. அதையே கதையின் உயிர்க்கயிறாகத் திரித்துவிட்டார்கள்.

எழுந்தது இப்படி. 1980 ஜூலையில் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் கன்டத்தின் பிளாஸ்டிக் மாதிரியை ஒரு பெட்டியில் வெளியிட்டது. விலை 300 யென். அளவு 144இல் ஒரு பங்கு. கதையில் 18 மீட்டர் நிற்கும் கன்டம் மேசைமேல் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நிற்கும். துண்டு துண்டாக வரும், பசை போட்டு ஒட்ட வேண்டும், நிறம் நாமே தீட்ட வேண்டும். முழுப் பொம்மையாகக் கொடுத்தபோது வாங்காத அதே பிள்ளைகள், நீயே செய்து கொள் என்றதும் கடைவாசலில் வரிசையில் நின்றார்கள். 1982 ஜனவரியில் சிபா மாகாணத்துப் பேரங்காடி ஒன்றில், பெட்டிக்காக ஓடிய சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காயப்பட்டார்கள். 1981, 82இல் தொடரைத் தொகுத்து மூன்று திரைப்படங்கள் வந்தன. உடல் தேறி வந்த யாசுஹிகோ மூன்றாம் படத்துக்குப் பெரும்பகுதியைப் புதிதாக வரைந்தார். சித்திரமும் கைப்பழக்கம்! கை திரும்பி வந்தது, படமும் திரும்பி வந்தது.

தம்பிகள் குறித்துக் கொள்ளுங்கள், இப்போதைய பெட்டிகளுக்குப் பசை வேண்டாம், அழுத்தினால் பொருந்தும். ஆனால் எல்லாப் பாகத்தையும் அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரேயடியாக நறுக்கிக் கொட்டாதீர்கள். எண் தொலைந்துவிடும், இடது முழங்காலும் வலது முழங்காலும் ஒன்றுபோல இருக்கும். அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். நிப்பர் என்ற வெட்டுக்குறடால் முதல் வெட்டு பாகத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி. இரண்டாம் வெட்டில் நிப்பரின் தட்டைப் பக்கம் பாகத்தைப் பார்க்கட்டும், அரை மில்லிமீட்டர் மிச்சம் விடுங்கள். ஒட்ட ஒரே வெட்டாக வெட்டினால் கத்தி ஆப்புப் போல நுழைந்து பிளாஸ்டிக்கை நெரிக்கும். அந்த இடம் வெளுத்துப்போகும், சில சமயம் குழியும் விழும். குழி விழுந்தால் எதைத் தேய்த்தும் மேடாகாது. மிச்சத்தை உப்புத்தாளால், சொரசொரப்பானதிலிருந்து மென்மையானதுக்கு, 400, 600, 800, 1000 எண் என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். 400இலிருந்து நேரே 1000க்குத் தாவினால் கீறல் அப்படியே நிற்கும். ஒயிட் பேஸுக்கு உப்பு, நமக்கு உப்புத்தாள்!

மூட்டுக்குள் வைக்கும் சாம்பல் நிற ரப்பர் போன்ற சிறு வளையத்தை மறந்துவிட்டு இரண்டு பாதியையும் அழுத்தி மூடிவிடுவதுதான் புதியவர் எல்லோருக்கும் நேர்கிற தவறு. மூடும் முன் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். பாகத்தின் மேல் உள்ள கோடுகளில் எனாமல் மை விடுகிறவர்கள் மூட்டுப் பக்கம் போகாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் அந்த மையைக் கரைக்கும் தின்னர் ஊறினால் மறுநாள் விரிசல் கண்டிருக்கும். பளபளப்பைக் குறைக்கும் மங்கல் பூச்சு ஸ்பிரேயை மழை நாளில் அடிக்கவே கூடாது. கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும். காற்றின் ஈரம் அதில் படிந்து, விபூதி பூசியது போல வெளுத்துவிடும்.

அலுவலர் அவர்களே, இப்போது என் விண்ணப்பம். நம் நூலகத்தில் பத்திரிகைப் பகுதிக்குப் பின்னால் ஆறடிக்கு மூன்றடியில் ஒரு மேசை சும்மா கிடக்கிறது. அதைக் கைவேலை மேசையாக்கித் தாருங்கள். கேட்பது அதிகம் இல்லை. வெட்டுவதற்கு ரப்பர் விரிப்பு இரண்டு, நிப்பர் நான்கு, அரம் நான்கு, உப்புத்தாள் நான்கு தரத்திலும் பத்துப் பத்துத் தாள், வளைகிற கழுத்துள்ள விளக்கு ஒன்று, நறுக்கிய சட்டத்துண்டுகளைப் போட மூடியுள்ள டப்பா ஒன்று. கட்டர் கத்தி வேண்டாம், அதைப் பெரியவர் ஒருவர் கையில் மட்டும் வைத்திருக்கட்டும். ரோபோதான் செய்ய வேண்டும் என்றில்லை. காகிதத்தில் கோபுரம் செய்யட்டும், பழைய வானொலியைப் பிரித்துச் சேர்க்கட்டும், கிழிந்த நூலுக்கு அட்டை கட்டப் பழகட்டும். நம் பிள்ளைகளுக்குத் திரையைத் தள்ளும் விரல் இருக்கிறது, திருகைப் பிடிக்கும் விரல் வரவேண்டும். அந்த அடியை நான் திரும்பத் திரும்பச் சொல்வதே இதற்காகத்தான். சித்திரமும் கைப்பழக்கம் ஐயா, மேசை இல்லாமல் பழக்கம் எங்கிருந்து வரும்? முன்வரிசைத் தலைமையாசிரியர் பெருமக்களில் வாரம் ஒருவர் முறை வைத்து உடன் அமர இசைந்தால், நூலகருக்குக் கூடுதல் சுமை இராது.

நாள் நானே சொல்கிறேன்: சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. விண்ணப்பத்தில் கையெழுத்திட விரும்புகிறவர்கள் நன்றியுரை முடிந்ததும் வாசல் மேசைக்கு வாருங்கள். அங்கே திறக்காத பெட்டி ஒன்றும் நிப்பர் இரண்டும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் ஒரு பாகத்தை வெட்டித் தேய்த்துவிட்டுப் போகலாம். முதல் வெட்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி. வணக்கம்.