கூலிப் பாக்கி கொள்முதல் ஆணையில் தொடங்குகிறது

அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் நிறுவனம் வாங்கும் பொருள் ஹலாலா என்று கேட்டால் கொள்முதல் பிரிவுக்காரர் சான்றிதழை எடுத்து நீட்டுவார். மூலப்பொருளும் தயாரிப்பு முறையும் சரிதானா என்பதை அது சொல்லும். பொட்டலம் கட்டியவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று அதில் தேடாதீர்கள். அது அதற்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும் குத்ஸி ஹதீஸ், அதாவது அல்லாஹ்வின் சொல்லாக நபி (ஸல்) அறிவித்த செய்தி, ஒன்று இருக்கிறது. மறுமையில் மூவருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்கிறான் அல்லாஹ். அந்த மூவரில் ஒருவன், கூலிக்கு ஆள் அமர்த்தி முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன்.

“அவர் என் தொழிலாளி இல்லையே, சப்ளையரின் தொழிலாளிதானே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நேரடியாகச் செய்தவனும் காரணமானவனும் சேர்ந்திருந்தால் தீர்ப்பு நேரடியாகச் செய்தவன் மீதே என்பது ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) விதி. உஸ்மானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான மஜல்லாவின் 90ஆம் பிரிவும் அதுவே. ஆகவே கூலிக்கடன் சப்ளையரின் கழுத்தில்தான். ஆனால் “பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒத்துழைக்காதீர்கள்” (குர்ஆன் 5:2) என்ற கட்டளை நம்மைப் பார்த்து வருகிறது. தவிர, சில தவறுகளை நேரடியாகச் செய்பவரே நாம்தான்.

முதலாவது, பணத்தைத் தாமதிப்பது. சரக்கு வந்து 90 நாள் கழித்துப் பணம் என்று எழுதுகிறோம். அந்த 90 நாளும் தாண்டுகிறது. சப்ளையரோ மாதாமாதம் சம்பளம் போட்டாக வேண்டும். கடன் கிடைக்காத மாதத்தில் சம்பளம் நிற்கும். “வசதியுள்ளவன் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம்” என்ற நபிமொழி (ஸல்) இங்கே நேராக நம்மைத்தான் தொடுகிறது. குறைந்தபட்சம் கூலிப் பங்கையாவது சரக்கு கைமாறும் நாளிலேயே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, கெடு. ஒரு கணக்குப் போடுவோம். 10,000 சட்டை, ஒன்றுக்கு 20 நிமிடம். மொத்தம் 3,333 மணி நேரம். 40 பேர் தைத்தால் ஆளுக்கு 83 மணி. வாரத்துக்கு 48 மணி என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தம் வகுத்த வரம்பு. அப்படியானால் இந்த வேலைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். மாதிரிக்கு ஒப்புதல் தருவதில் நாம் ஒரு வாரத்தை விழுங்கிவிட்டு அனுப்பும் தேதியை மட்டும் நகர்த்தாமல் வைத்தால், அங்கே இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: இரவெல்லாம் கட்டாய மிகைநேரம், அல்லது நமக்குத் தெரியாத துணை ஒப்பந்தப் பட்டறை. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தியவர் காலத்தையும் சொன்னார், “உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை” என்றும் சொன்னார் (28:27). நம் ஆணையில் இரண்டாவது வாக்கியத்துக்கு இடமே இல்லை.

மூன்றாவது, விலை. மாதச் சம்பளத்தை 208 மணியால் (வாரத்துக்கு 48 மணி வீதம் ஒரு மாதம்) வகுங்கள். விடுப்பு, காப்பீட்டுச் செலவைச் சேருங்கள். 20 நிமிடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். பேரம் துணியில், பொத்தானில், போக்குவரத்தில் இருக்கட்டும். இந்தத் தொகைக்குள் மட்டும் இறங்க வேண்டாம். துண்டுக்கூலி (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) தப்பில்லை. ஆனால் விகிதம் முன்கூட்டியே தெரியாமல் மாதக் கடைசியில் முதலாளி சொல்வதுதான் கூலி என்றால், கூலி அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற இஜாரா (கூலி ஒப்பந்தம்) நிபந்தனையே அங்கே இல்லை.

தணிக்கை? நடத்துங்கள், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்த சில ஆலைகளில் ஏற்கெனவே தணிக்கை நடந்திருந்தது; முந்தின நாளே சுவரில் விரிசலும் தெரிந்திருந்தது. தணிக்கையாளருக்கு ஒன்று, உண்மைக்கு ஒன்று என்று இரட்டைப் பதிவேடு எழுதுவது சுலபம். அதனால் சம்பளப் பதிவேட்டை, தையல் ஊசி உடையும்போதெல்லாம் குறித்து வைக்கும் உடைந்த ஊசிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஓய்வுநாளில் ஊசி உடைந்திருந்தால் அன்று யாரோ தைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் பதிவும் வாயில் ரசீதும் பொதுவாக யாரும் திருத்தாதவை. மேலாளர் தேர்ந்தெடுத்த ஆட்களிடம் பேசிப் பயனில்லை. வாயிலுக்கு வெளியே பேசுங்கள். “இந்த வேலைக்கு வர யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?” கட்டாய வேலையைக் காட்டிக்கொடுக்கும் இந்த இரண்டு கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

சிறுவர் யாரேனும் இயந்திரத்தில் இருப்பது தெரிந்தால் உடனே ஆணையை ரத்து செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். “ஒரு தீங்கை அதைப் போன்ற தீங்கால் நீக்கக் கூடாது” என்பது ஃபிக்ஹ் விதி. வேலையை இழந்த பிள்ளை இதைவிட மோசமான இடத்துக்குப் போகக்கூடும். இயந்திரத்திலிருந்து எடுங்கள், பள்ளியில் சேர்க்கச் செய்யுங்கள், வேலை வயது வரும்வரை குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் தொடரட்டும், வீட்டில் பெரியவருக்கு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். செலவில் யாருக்கு எவ்வளவு என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சப்ளையர் மறுத்தால் விலகலாம். அப்போதும் முன்னறிவிப்பு கொடுத்து, வெட்டிய துணிக்கும் தைத்த சரக்குக்கும் பணம் கட்டி, அதிலிருந்து கூலி போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே விலகுங்கள்.