வெள்ளையடிக்கிற பிரஷ்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்ட பந்தல்காரத் தம்பிக்குத் தனி வணக்கம்.

சவரத்தில் சிக்கனமும் சுகமும் தருவது பிரஷும் சோப்புமா, நுரை டப்பாவும் புது ரேசருமா? இதுதான் தலைப்பு. நான் பிரஷ் கட்சி. கணக்கெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைப் படிக்கத்தான் எழுந்தேன். ஆனால் எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். “அக்காவுக்கு மீசையா தாடியா? அவருக்குத் தெரிந்த பிரஷ் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற பிரஷ்தானே!”

சரி. கணக்கு அப்புறம்.

தம்பி, அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காமல் சாம்பாரில் உப்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறீர்களே, அதை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லையா? வாஷ்பேசினில் ஒட்டிய முடியை இருபது வருஷமாகக் கழுவுகிறவள் சவரத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாதா? மளிகைச் சீட்டில் பிளேடு என்று எழுதுவது யார்? அது தீர்ந்த அன்று திட்டு வாங்குவது யார்?

வெள்ளையடிக்கிற பிரஷ் என்றீர்கள். ஆமாம், எனக்கு வெள்ளையடிக்கத் தெரியும். எங்கள் அப்பா வீட்டில் மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு ஊறவைப்பதே நான்தான். காய்ந்த சுவரில் அடித்துப் பாருங்கள், சாய்ந்து உட்கார்ந்தவன் முதுகோடு சுண்ணாம்பும் எழுந்து போய்விடும். முதலில் சுவரை நனைக்க வேண்டும். தாடியும் அப்படித்தான். காய்ந்த தாடி கம்பி. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறினால் துவண்டுவிடும். முடியை இளக்குவது தண்ணீர்தான். சோப்பு நுரை அந்தத் தண்ணீரைக் கன்னத்தில் பிடித்து வைக்கிறது, கத்தி வழுக்கிப் போக வழிவிடுகிறது. பிரஷைச் சுற்றச் சுற்ற முடி நிமிர்ந்து, அடிவரை ஈரம் போகிறது. சுவருக்கு முதல் பூச்சு நெடுக்கே, இரண்டாம் பூச்சு குறுக்கே. சவரத்திலும் முதல் தடவை முடி போகிற போக்கில், பிறகு மறுபடி நுரை போட்டுக் குறுக்கே. வெள்ளையடிக்கத் தெரிந்தவளுக்குச் சவரம் பாதி தெரியும் தம்பி. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? டப்பாவைக் குலுக்கி ‘உஸ்ஸ்’ என்று ஓர் அமுக்கு. அதை நாங்கள் கரப்பான்பூச்சிக்குச் செய்வோம்.

‘உஸ்’ என்றதும் ஒரு தலைதீபாவளி ஞாபகம் வருகிறது. மாப்பிள்ளை பெயர் சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசையில், இப்போது குனிந்து செருப்பைத் தேடுகிறாரே, அவராகவும் இருக்கலாம்.

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. தீபாவளிக்கு முதல் நாள் காலை பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கினார். நாலு நாள் தாடி. கையில் ஒரு நுரை டப்பா. கிணற்றடியில் நின்று குலுக்கினார், அமுக்கினார். எலுமிச்சம்பழ அளவு நுரை வந்தது. அழகு! விரலை எடுத்தார். டப்பா விடவில்லை. மேல்குமிழ் உள்ளே சிக்கிக்கொண்டது. எலுமிச்சம்பழம் தேங்காய் ஆனது. தேங்காய் பூசணிக்காய் ஆனது. மனிதர் ஒரு கையில் பூசணிக்காயும் மறு கையில் டப்பாவுமாக நிற்கிறார். கூப்பிடலாம் என்றால் புது மாப்பிள்ளை, கௌரவம்! பக்கத்தில் மூடி போட்ட தூக்கு ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து டப்பாவை உள்ளே தலைகுப்புறக் கவிழ்த்து, மறுபடி மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முகம் கழுவப் போய்விட்டார்.

எங்கள் அப்பாயிக்குக் கண் கொஞ்சம் மங்கல். கிணற்றடிக்கு வந்தார். தூக்கின் மூடி மெல்ல மேலே எழும்புகிறது. ஓரமாக வெள்ளை வெளேரென்று வழிகிறது. அப்பாயி போட்ட சத்தம் அக்ரகாரம் வரை கேட்டிருக்கும். “அடியே, மாவு பொங்கிடுச்சுடி!” அதோடு விட்டாரா? ஓடிப் போய்க் கரண்டி எடுத்து வந்தார். நடுவர் அவர்களே, அந்தக் கரண்டியைக் கவனியுங்கள். ஒரு கரண்டி அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். “என்னடி இது, மாவுல சென்ட் வாசனை வருது?” அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை திரும்பி வருகிறார். அப்பாயி கரண்டியை நீட்டி, “மாப்பிள்ளை, நீங்களே மோந்து பாருங்க, புளிச்சிடுச்சா?” மாப்பிள்ளை மோந்து பார்த்தார் ஐயா! மோந்து பார்த்துவிட்டு, “இல்ல அப்பாயி, நல்லாத்தான் இருக்கு” என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றும்போது யாராவது ஒருவர் அவரிடம் கரண்டியை நீட்டாமல் இருப்பதில்லை.

அப்புறம் அந்த மூன்று பிளேடு ரேசர். நாலு நாள் தாடியில் இரண்டு இழுப்பு, இடுக்கெல்லாம் முடி அடைத்துக்கொண்டது. மாற்றுத் தலை கடைத்தெருவில் கிடைக்கவில்லை. எங்கள் அப்பா ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் உட்காரவைத்து, ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டினார். ஓரம் நசுங்கின கும்பகோணம் பித்தளை டபரா, அதில் வெந்நீர், அடியில் ஒட்டவைத்த சவர சோப்பு, கைப்பிடி வெளுத்த பிரஷ். “அமுக்காதீங்க மாப்பிள்ளை, ரேசரோட கனமே போதும்.” ஐந்து நிமிஷத்தில் கன்னம் வாழைத்தண்டு. தாடைக்குக் கீழே ஒரு கீறல், அதற்குப் படிகாரத்தை நனைத்து ஒரு தேய்ப்பு. அந்த இருபக்க பிளேடு ரேசருக்கு ஜில்லெட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1904-ல். மேட்டூர் அணையே 1934-ல்தான் வந்தது. அணைக்கு முப்பது வயது மூத்த சரக்கு, இன்னும் வேலை செய்கிறது.

அணை என்றதும் ஒன்று. நாம் உட்கார்ந்திருப்பது கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும், வாய்க்காலில் காது வைத்துக் காத்திருக்கிற ஊர் இது. குழாயைத் திறந்துவிட்டு முகம் வழிக்கிறவருக்கு ஒரு வாளி போகும். அப்பாவுக்கு ஒரு டபரா, ஒரு சொம்பு. மேலே நான் சொல்லவேண்டியதில்லை, உங்கள் கைதட்டலே சொல்கிறது.

கணக்கா? இதோ. எங்கள் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம். மாதம் 3 பிளேடு, 9 ரூபாய். சோப்பு 60 ரூபாய், மூன்று மாதம் வரும். ஆக மொத்தம் மாதம் 29 ரூபாய். பிரஷ் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. எதிரணியின் டப்பா விலையை அவர்கள் வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. ஒரு நிமிஷம் கொடுங்கள்.

அப்பா கன்னத்தை நாக்கால் உள்ளிருந்து உப்பவைத்துத்தான் வழிப்பார். சின்ன வயசில் எதிரே உட்கார்ந்து நானும் கன்னத்தை உப்பிக் காட்டுவேன். மூக்கு நுனியில் ஒரு பொட்டு நுரை வைத்துவிடுவார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, முகத்தில் வலது பக்கம் தொங்கிவிட்டது. பத்து நாள் தாடியோடு கிடந்தார். யாரையும் தொடவிடவில்லை. ஒரு நாள் காலை அந்த டபராவில் வெந்நீர் எடுத்துப் போனேன். பிரஷைப் பார்த்ததும் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

நுரை போட்டேன். இடது கன்னம் சுலபம். வலது கன்னத்தை அவரால் உப்பவைக்க முடியவில்லை. விரலால் தோலை இழுத்துப் பிடித்து, கை நடுங்க வழித்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாமும் வாயைத் திறக்கிறோமே, அந்த மாதிரி எனக்கே தெரியாமல் என் கன்னத்தை உப்பி வைத்திருக்கிறேன். அப்பா பார்த்துவிட்டார். பாதி முகத்தால் சிரித்தார். சிரித்ததில் நுரை மார்பில் விழுந்தது. பிரஷுக்காக இடது கையை நீட்டினார். கொடுத்தேன். மெதுவாகத் தூக்கி, என் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தார்.

டபரா இப்போது என் வீட்டில் இருக்கிறது. அடியில் அவர் சோப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது வரிசைக்காரருக்கு வேறு டபரா வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வணக்கம்.